துளை அட்டை முதல் வண்ணப் பட்டை வரை: அமெரிக்க ரயில்வே தன் வேகன்களைக் கணக்கு வைத்த விதம்

வேபில்காரர் (இழையைத் தொடங்கியவர்)

ரயில்வேயும் கணினியும் என்று பேச்செடுத்தால் நம்மவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது டிக்கெட் முன்பதிவுதான். ஜப்பானில் 1960ல் மார்ஸ்-1 வந்தது, தில்லியில் 1985-86ல் வந்தது, அத்தோடு பேச்சு முடிந்துவிடும். உண்மையில் இயந்திரக் கணக்கு ரயில்வேக்குள் நுழைந்தது சரக்குக் கணக்கு வழியாக. அதுவும் அமெரிக்காவில், 1890களிலேயே.

ஹெர்மன் ஹாலரித்தின் துளை அட்டை இயந்திரத்தை 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு சேர்த்துப் படித்திருப்போம். அந்த இயந்திரத்துக்கு எண்ண மட்டும்தான் தெரியும். அட்டையில் துளை இருந்தால் முள் உள்ளே இறங்கிப் பாதரசத்தைத் தொடும், மின்சுற்று முழுமையாகும், டயல் ஒன்று நகரும். மக்களை எண்ண அது போதும். நியூயார்க் சென்ட்ரல் ரயில்வே அப்போது ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 40 லட்சம் வேபில்களை, அதாவது சரக்குச் சீட்டுகளைக் கையாண்டது. அங்கே தேவைப்பட்டது கூட்டல்: இத்தனை பவுண்டு எடை, இத்தனை டாலர் கூலி, இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு. அதற்காகவே ஹாலரித் கூட்டும் வகை இயந்திரத்தைச் செய்தார். 1896ல் நியூயார்க் சென்ட்ரலோடு ஒப்பந்தம் ஆனது, டேபுலேட்டிங் மெஷின் கம்பெனியும் அதே ஆண்டு பிறந்தது. பிறகு அது 1911ல் இன்னொரு நிறுவனத்துக்குள் கலந்து 1924ல் ஐபிஎம் என்று பெயர் மாறியது.

இந்த இழையில் பேச விரும்புவது, அந்த அட்டை முறை நாள்தோறும் எப்படி ஓடியது, எங்கே இடறியது என்பது. என் பார்வையைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரத்தின் வேகம் ஒருபோதும் பெரிய தடையாக இருக்கவில்லை. வேகன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைத் தவறில்லாமல் ஒரே ஒரு முறை உள்ளே கொண்டுவருவதுதான் ரயில்வேக்குக் கடைசிவரை பெரும்பாடாக இருந்தது.

---

எண்பது_நிரல்

நல்ல தொடக்கம் சார். முதலில் எதை அட்டையில் ஏற்றினார்கள் என்று சொல்லிவிடலாம், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

வேபில் என்பது சரக்கோடு பயணிக்கும் தாள். அனுப்புநர், பெறுநர், புறப்படும் நிலையம், சேரும் நிலையம், எந்தெந்த ரயில்வே வழியாக, என்ன பொருள், எடை, வீதம், கூலி, முன்பணமா சேருமிடத்தில் வசூலா, வேகனின் உரிமையாளர் குறி, வேகன் எண். அமெரிக்காவில் ஒரே ரயில்வே நாடு முழுக்க ஓடுவதில்லை. ஒரு வேகன் மூன்று நான்கு கம்பெனித் தண்டவாளங்களில் போகும். வசூலான கூலியைப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல், அடுத்தவன் வேகன் உன் தண்டவாளத்தில் நின்றால் நாள் வாடகை கொடுக்க வேண்டும். 1902ல் அது ஒரு நாளைக்கு 20 சென்ட் என்று தொடங்கியது. நள்ளிரவு 12 மணிக்கு வேகன் யார் தண்டவாளத்தில் நிற்கிறதோ அவர்தான் அந்த முழு நாள் வாடகையைக் கொடுக்க வேண்டும். அதனால் 11 மணிக்கு மேல் சந்திப்பு யார்டுகளில் அடுத்தவன் வேகன்களைத் தள்ளிவிடப் பரபரப்பாக இருக்கும். ஒரே வேகனுக்கு இரண்டு தனிக் கணக்கு ஓடியது என்பதைக் கவனியுங்கள். ஒன்று கூலி, இன்னொன்று வாடகை. இரண்டையும் கட்டிப்போடுவது வேகன் எண் ஒன்றுதான்.

1928க்குப் பிறகு ஐபிஎம் அட்டையில் மேலிருந்து கீழாக 80 நிரல், குறுக்கே 12 வரிசை. அட்டையின் அளவு 7⅜ அங்குலத்துக்கு 3¼ அங்குலம், தடிமன் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு. ஒரு வேபிலுக்கு இப்படி ஒதுக்கலாம், புரிவதற்கான மாதிரிதான் இது: தேதிக்கு 6 நிரல், வேபில் எண்ணுக்கு 6, புறப்படும் ரயில்வேயும் நிலையமும் 8, சேரும் ரயில்வேயும் நிலையமும் 8, வழிக்கு 9, உரிமையாளர் 3, வேகன் எண் 6, பொருள் 3, எடை 7, வீதம் 5, கூலி 7, முன்பணம் 7. கூட்டினால் 75. மிச்சம் ஐந்தே நிரல். பெறுநர் பெயருக்கு இடமில்லை என்பதைப் பாருங்கள். பெயர், முகவரி எல்லாம் தாளிலேயே தங்கிவிட்டன. தகராறு வந்தால் அட்டையை விட்டுவிட்டுத் தாளைத்தான் தேடிப் போவார்கள்.

---

வேபில்காரர்

உரிமையாளருக்கு மூன்றே நிரல் கொடுத்திருக்கிறீர்கள். வேகனில் எழுதியிருப்பது எழுத்துக் குறி ஆயிற்றே, நான்கு எழுத்து வரைக்கும் போகும்?

---

எண்பது_நிரல்

காரணமாகத்தான். அட்டையில் ஓர் எழுத்தை ஏற்ற ஒரே நிரலில் இரண்டு துளை வேண்டும், மேலே ஒன்று, இலக்கப் பகுதியில் ஒன்று. அட்டைகளை வரிசைப்படுத்தும் சார்ட்டர் இயந்திரம் ஓர் ஓட்டத்தில் ஒரு நிரலில் ஒரு துளையைத்தான் பார்க்கும். ஆக ஓர் எழுத்துக்கு இரண்டு ஓட்டம், நான்கு எழுத்துக் குறிக்கு எட்டு ஓட்டம். ஒவ்வொரு ரயில்வேக்கும் மூன்று இலக்கக் கணக்கு எண் இருந்தது. யூனியன் பசிபிக்குக்கு 802, சாண்டா ஃபேக்கு 022. அதை ஏற்றினால் மூன்றே ஓட்டம்.

ஓட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐபிஎம்மின் 082 மாடல் சார்ட்டரின் வேகம் நிமிடத்துக்கு 650 அட்டை. 30,000 அட்டையை உரிமையாளர், வேகன் எண் என்று 9 நிரலில் வரிசைப்படுத்த வேண்டும். 2,70,000 அட்டை நகர்வு, வகுத்தால் 415 நிமிடம், கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். அட்டையை எடுத்து அடுக்கும் நேரம் இதில் சேராது. பின்னால் வந்த 083 நிமிடத்துக்கு 1,000 ஓட்டும், அதிலும் நாலரை மணி நேரம்.

வரிசைப்படுத்துவது வலது கோடி நிரலிலிருந்து இடதுபக்கமாக. இயந்திரத்தில் 13 பெட்டி, 0 முதல் 9 வரை பத்து, மேல் துளைகளுக்கு இரண்டு, எதிலும் சேராததற்கு ஒன்று. ஓர் ஓட்டம் முடிந்ததும் பெட்டிகளைச் சரியான வரிசையில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து அடுத்த நிரலுக்கு முள்ளை நகர்த்த வேண்டும். ஏழாவது ஓட்டத்தில் 4ஆம் பெட்டியையும் 5ஆம் பெட்டியையும் மாற்றி வைத்துவிட்டால் முந்தைய ஆறு ஓட்டம் கெடாது, அந்த ஏழாவதை மட்டும் திருப்பி ஓட்டினால் போதும். ஆனால் அது உடனே தெரிந்தால்தான். எட்டு, ஒன்பது என்று மேலே ஓட்டிவிட்டால் ஏழிலிருந்து மறுபடி வர வேண்டும். அதனால் ஒவ்வொரு பெட்டியையும் எடுக்கும்போது கட்டைத் தட்டி நேராக்கி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, துளை வழியே மறுபக்கம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் அட்டை தப்பாக உட்கார்ந்திருந்தாலும் வெளிச்சம் மறைந்துவிடும். பெரிய கட்டுக்கு நீளமான கம்பி ஊசியை விட்டுப் பார்ப்பார்கள், ஊசி எங்கே முட்டுகிறதோ அங்கே அந்நியன் இருக்கிறான்.

---

யார்டு_மேசை

சார்ட்டர் நேரத்தைக் குறைக்க இரண்டு வழி இருந்துச்சு, சேர்த்துக்கிறேன். ஒண்ணு, முழுக் கட்டையும் முதல்ல இடது கோடி நிரல்ல ஒரே ஒரு ஓட்டம் விட்டுப் பத்துத் துண்டாப் பிரிச்சுடறது. அப்புறம் ஒவ்வொரு துண்டையும் வேற வேற சார்ட்டர்ல வலமிருந்து இடமா ஓட்டலாம். முதல் துண்டு முடிஞ்சதும் அது, அட்டையைப் படிச்சுக் கூட்டி அச்சடிக்கற 407 டேபுலேட்டருக்குப் போயிடும், மத்த துண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். மொத்த ஓட்டம் குறையாது, ஆனா வேலை முடியற நேரம் பாதிக்கும் கீழ வந்துடும்.

ரெண்டாவது இன்னும் முக்கியம். நேத்து வரை வரிசையில இருக்கற பெரிய கட்டைத் தொடவே கூடாது. இன்னிக்கு வந்த அட்டைகளை மட்டும் வரிசைப்படுத்திட்டு, 077 கொலேட்டர்ல ரெண்டு கட்டையும் ரெண்டு பக்கம் வெச்சு ஒண்ணாக் கலக்கணும். நாள் வாடகைக் கணக்கே இப்படித்தான் ஓடுச்சு. சந்திப்பு நிலையத்துல வேகன் உள்ள வந்தா ஒரு அட்டை, வெளிய போனா ஒரு அட்டை. கொலேட்டர் ரெண்டையும் ஜோடி சேர்க்கும். ஜோடி சேர்ந்தது கால்குலேட்டருக்குப் போய் தேதியைக் கழிச்சு நாள் எண்ணிக்கை துளையாகும். ஜோடி சேராத 'வந்த அட்டை' எல்லாம் இன்னும் நம்ம தண்டவாளத்துல நிக்கற வேகன். ஜோடி சேராத 'போன அட்டை' வந்துச்சுன்னா அங்கதான் பிரச்சினை. வராத வேகன் எப்படிப் போகும்? பெரும்பாலும் எண்ணை யாரோ தப்பா எழுதியிருப்பாங்க.

அந்த ஒரு தப்பு ரெண்டு தப்பாகும், கவனிச்சுக்கோங்க. 54321ஐ 54231னு போட்டா, 54321 இன்னும் உள்ளயே நிக்கறதாக் கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும், வாடகை ஏறும். 54231ங்கற வேகன் வேற எங்கயோ ஓடிக்கிட்டிருக்கும், அதோட சொந்தக்காரர் ரெண்டு ரயில்வேகிட்ட ஒரே நாளுக்கு வாடகை கேப்பார். அப்புறம் கடிதப் போக்குவரத்துதான்.

---

வேபில்காரர்

இதைத்தான் முதலில் சொன்னேன். சார்ட்டர் ஏழு மணி நேரம் ஓடட்டும், அது இயந்திரத்தின் உழைப்பு. அட்டையில் துளை போடுவதும் சரிபார்ப்பதும் மனித உழைப்பு. 026 பஞ்சில் ஒருவர் தட்டிய அட்டையை 056 வெரிஃபையரில் இன்னொருவர் அதே தாளைப் பார்த்து மறுபடி தட்ட வேண்டும். பொருந்தினால் அட்டையின் வலது ஓரத்தில் ஒரு வெட்டு விழும். பொருந்தாவிட்டால் தவறான நிரலுக்கு மேலே வெட்டு. வலது ஓர வெட்டு எல்லா அட்டையிலும் இருக்கிறதா என்று கட்டின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். அருமையான ஏற்பாடு, ஆனால் சம்பளம் இரண்டு மடங்கு.

இன்னொன்று, வெரிஃபையர் தட்டச்சுப் பிழையைத்தான் பிடிக்கும். இரவில் லாந்தர் வெளிச்சத்தில் யார்டில் நின்று எழுதியவர் 3ஐ 8 என்று எழுதியிருந்தால், இருவரும் ஒழுங்காக 8 என்றே தட்டுவார்கள். இயந்திரம் பாஸ் போட்டுவிடும்.

இரண்டு முறை தட்டுவதற்கு மாற்றாகக் கட்டுத் தொகை வைத்தார்கள். ஐம்பது நூறு வேபில்களைக் கட்டாக்கி, எடை, கூலி இரண்டையும் கூட்டும் மெஷினில் முன்கூட்டியே கூட்டி எழுதிவிட வேண்டும். அட்டைகள் 407ல் ஓடி முடிந்ததும் இரண்டு தொகையும் ஒத்துப்போக வேண்டும். பணம் உள்ள நிரலை இது நன்றாகக் காப்பாற்றும். வேகன் எண்ணையும் இதே போல அர்த்தமில்லாமல் கூட்டி வைக்கலாம். ஆனால் இரண்டு இலக்கம் இடம் மாறியது எந்த அட்டையில் என்று அது சொல்லாது, கட்டு முழுதும் பார்க்க வேண்டும்.

---

புள்ளியியல்_பித்து

இங்கே செசபீக் அண்ட் ஒஹையோ ரயில்வே செய்த ஒரு சோதனையைச் சொல்லாமல் போகக்கூடாது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி இது. எல்லா வேபிலையும் ஏன் கணக்கிட வேண்டும் என்று கேட்டார்கள்.

பெரே மார்க்கெட் பிரிவு வழியாகப் போன சில்லறைச் சரக்கு, அதாவது முழு வேகன் நிறையாத பார்சல் மூட்டைகள், ஆறு மாதத்துக்கு 22,984 வேபில். ஒவ்வொன்றிலும் தங்களுக்கு வரவேண்டிய பங்கைக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். அதற்குப் பதில் மாதிரி எடுத்தார்கள், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கவில்லை. வேபிலின் மொத்தக் கூலியைப் பொறுத்து ஐந்து அடுக்கு. 5 டாலர் வரை இருந்தால் நூற்றுக்கு 1. 5 முதல் 10 வரை 10 சதவீதம். 10 முதல் 20 வரை 20 சதவீதம். 20 முதல் 40 வரை பாதி. 40க்கு மேல் போனால் ஒன்றைக்கூட விடக்கூடாது. எந்த வேபிலை எடுப்பது என்பதை வேபில் எண்ணின் கடைசி இலக்கங்களை வைத்து முடிவு செய்தார்கள்.

மொத்தம் எடுத்தது 2,072 வேபில். அதிலிருந்து மதிப்பிட்ட பங்கு 64,568 டாலர். பிறகு சரிபார்க்க 22,984ஐயும் முழுதாகக் கணக்கிட்டார்கள், வந்தது 64,651 டாலர். வித்தியாசம் 83 டாலர். முழுக் கணக்குக்கு ஆன செலவு சுமார் 5,000 டாலர், மாதிரிக் கணக்குக்கு 1,000 டாலருக்குள். 83 டாலரைப் பிடிக்க 4,000 டாலர் செலவழித்ததுதான் அதுவரை நடந்த வழக்கம்.

பெரிய வேபிலை முழுதாக எடுத்ததில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2 டாலர் வேபில்கள் ஆயிரம் இருந்தாலும் ஒன்றுக்கொன்று பெரிதாக வேறுபடாது, நூற்றில் ஒன்று போதும். 60 டாலர் வேபில் ஒன்று மாதிரியில் விழுவதும் விழாமல் போவதும் தொகையை உலுக்கிவிடும். எண்ணிக்கையில் அவை கொஞ்சம்தான், எடுத்துவிடுவதில் சிரமமில்லை.

அரசும் இதையே செய்தது. இன்டர்ஸ்டேட் காமர்ஸ் கமிஷன் 1946ல் ஒரு சதவீத வேபில் மாதிரி கேட்கத் தொடங்கியது. எண் 1 என்றிருக்கும் வேபிலும், 01 என்று முடியும் வேபிலும் அனுப்ப வேண்டும். அட்டையில் வேபில் எண்ணின் கடைசி இரண்டு நிரலை இரண்டு ஓட்டம் விட்டால் மாதிரி தானாக உதிரும்.

---

புதுப்பயணி

அருமையான தகவல்கள். ஒரு சந்தேகம் அண்ணா. இதெல்லாம் பணக் கணக்கு. வேகன் இப்போது யார்டில் எந்தத் தடத்தில் நிற்கிறது என்பதை எப்படித் தெரிந்துகொண்டார்கள்? அதற்கும் அட்டையா?

---

யார்டு_மேசை

அதுக்கும் அட்டைதான் தம்பி. பிக்கிள் அலமாரினு சொல்வாங்க, வேகன் இருப்பிடத்தைத் தொடர்ந்து கணக்குல வெச்சுக்கற முறையோட ஆங்கிலச் சுருக்கம் அது. யார்டு ஆபீஸ்ல ஒரு பெரிய அலமாரி, தடத்துக்கு ஒரு பொந்து. 12ஆம் தடத்துல 30 வேகன் நின்னா 12ஆம் பொந்துல 30 அட்டை, வேகன் நிக்கற அதே வரிசையில. ஷண்டிங் பண்ணிட்டு வந்து சொன்னதும் அட்டையையும் அதே மாதிரி பொந்து மாத்தணும். வண்டி கிளம்பறப்போ அந்தப் பொந்துல இருக்கற கட்டை எடுத்து டேபுலேட்டர்ல ஓட்டினா வண்டிப் பட்டியல் அச்சாயிடும். கையால எதையும் மறுபடி எழுத வேண்டாம்.

அழகு என்னன்னா, அந்தக் கட்டு அடுத்த யார்டுக்கு வண்டிக்கு முன்னாடியே போயிடும். 063ங்கற இயந்திரம் அட்டையைப் படிச்சுக் காகித நாடால துளை போடும், நாடா டெலிடைப்ங்கற தந்தித் தட்டச்சு வழியா கம்பில போகும், அந்தப் பக்கம் வர்ற நாடாவை 047 படிச்சு மறுபடி அட்டை அடிக்கும். வண்டி வழியில இருக்கறப்பவே எந்த வேகனை எங்க வெட்டணும்னு அங்க பட்டியல் தயார்.

எங்க தப்பு வரும்னு சொல்றேன். முதல்ல வரிசை. அலமாரில எந்தப் பக்கம் வடக்கு, எந்தப் பக்கம் தெற்குனு எல்லாரும் ஒரே மாதிரி வெச்சுக்கணும். ஒரு ஷிப்ட்ல முன்அட்டை வடக்கு முனைனும் அடுத்த ஷிப்ட்ல தெற்கு முனைனும் எடுத்துக்கிட்டா பட்டியல் தலைகீழாப் போகும், எண் எல்லாம் சரியா இருக்கும், வெட்டற இடம் எல்லாம் தப்பா இருக்கும். வண்டி வழியில திசை மாறி இஞ்சின் இந்தப் பக்கம் வந்தாலும் இதே கதி.

ரெண்டாவது கம்பி. அந்த டெலிடைப் நாடா அஞ்சு துளைக் குறியீடு. 32 சேர்க்கைதான், அதனால எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒரே துளை, நடுவுல 'இனி எண்'னு ஒரு மாற்றுக் குறி அனுப்பணும். சரிபார்க்கற துளை கிடையாது. கம்பில இரைச்சல் வந்து அந்த மாற்றுக் குறி கெட்டுப்போச்சுன்னா அதுக்கப்புறம் வர்ற எண் எல்லாம் எழுத்தா விழும். 40512னு அனுப்பினது ஆர்-பி-டி-கியூ-டபிள்யூனு வரும். இது கண்ணுக்குத் தெரியற தப்பு. தட்டச்சு மேல் வரிசையை மனசுல வெச்சிருக்கறவர் கியூ 1, டபிள்யூ 2னு படிச்சுத் திருத்திடுவார். ஆபத்து எதுன்னா ஒரு துளை மட்டும் கெட்டு ஓர் எண் இன்னோர் எண்ணா மாறறது. அது பார்வைக்கு ஒழுங்கா இருக்கும்.

மூணாவது ஈரம். அட்டை ஈரத்தை உறிஞ்சி உப்பும், வளையும். வளைஞ்ச அட்டை ஊட்டும் கத்தியில மாட்டிக் கிழியும். ரொம்ப வறண்டாலும் ஆபத்து, நிலைமின்சாரத்துல ரெண்டு அட்டை ஒட்டிக்கிட்டு ஒண்ணாப் போகும், கட்டுத் தொகை உதைக்கும். ஆபீஸ்ல இருக்கற அட்டை பரவாயில்ல. யார்டு அட்டை அழுக்குக் கையில பத்துத் தடவை புரண்டது. பொந்துல நிக்கற அட்டையை அப்படியே கணக்கு ஆபீஸுக்கு அனுப்பாம, 514ல புது அட்டைக்கு நகல் எடுத்து அனுப்பறதுதான் புத்திசாலித்தனம்.

---

எண்பது_நிரல்

கணினி வந்த பிறகும் இந்த அட்டை உடனே போய்விடவில்லை. 1959ல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 1401 நிமிடத்துக்கு 800 அட்டை படித்து 600 வரி அச்சடித்தது. பல இடங்களில் அது செய்தது டேபுலேட்டர் வேலையைத்தான், வேகமாக. நம் நாட்டில் மண்டல ரயில்வேகளுக்கு 1960களில் வந்ததும் இதே 1401தான், சம்பளப் பட்டியல், கிடங்கு இருப்பு, சரக்குக் கணக்கு.

போக்கு மாறியது சதர்ன் பசிபிக் ரயில்வேயின் டாப்ஸ் மென்பொருளில். 1960களில் ஐபிஎம்மோடு சேர்ந்து எழுதியது. நடப்பதை நடக்கும்போதே சொல்ல வேண்டும் என்பது அதன் விதி. இந்த யார்டுக்கு வந்ததாகப் பதிவு இல்லாத வேகன் இங்கிருந்து புறப்பட்டதாகச் சொன்னால் ஏற்காது. கொலேட்டரில் இரண்டு வாரம் கழித்து ஜோடி சேராமல் நின்ற அட்டை, டாப்ஸில் அந்த நிமிடமே திருப்பி அனுப்பப்படும். எழுதியவர் இன்னும் அங்கேயே இருப்பார், தடத்துக்குப் போய்ப் பார்த்துத் திருத்துவார். பிரிட்டிஷ் ரயில் இதை வாங்கி, 1973ல் டெவன், கார்ன்வால் பக்கம் தொடங்கி 1975க்குள் நாடு முழுக்கக் கொண்டுவந்தது. அங்கேயும் சரக்கு அலுவலகங்களில் வேகனுக்கு ஓர் அட்டை இருந்தது.

---

புதுப்பயணி

அப்படியானால் எண்ணை மனிதர் எழுதுவதையே ஒழித்திருக்கலாமே? வண்டி ஓடும்போதே படிக்கும் கருவி?

---

சோதனை_இலக்கம்

அதுதான் கார்ட்ராக், வேகனில் ஒட்டிய வண்ணப் பட்டையைப் படிக்கும் கருவி. சில்வேனியா நிறுவனத்தில் டேவிட் காலின்ஸ் உருவாக்கியது. 1967ல் அமெரிக்க ரயில்வே சங்கம் இதைத் தரமாக ஏற்றது. வேகன்கள் எல்லாவற்றிலும் பட்டை ஒட்டச் சொன்னது, 1970களின் நடுவில் பத்தில் ஒன்பது வேகனில் ஒட்டியாயிற்று.

பட்டையில் 13 கட்டம், ஒன்றன்மேல் ஒன்றாக, கீழிருந்து மேலே படிக்க வேண்டும். தொடக்கக் குறி, வண்டி வகைக்கு 1 இலக்கம், உரிமையாளருக்கு 3, வேகன் எண்ணுக்கு 6, முடிவுக் குறி, கடைசியில், எண் சரியாகப் படிக்கப்பட்டதா என்று பார்க்கும் சோதனை இலக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கோடு. ஒவ்வொரு கோடும் சிவப்பு, நீலம், வெள்ளை, கறுப்பு நான்கில் ஒன்று. வந்த வழியே ஒளியைத் திருப்பும் பொருளால் ஆனவை. பாதையோரப் பெட்டியிலிருந்து பிரகாசமான ஒளி சுழலும் கண்ணாடிகளில் பட்டு வேகனை மேலும் கீழும் வருடும். திரும்பும் ஒளியைச் சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று இரண்டு உணரிகள் பார்க்கும். இரண்டும் எரிந்தால் வெள்ளை, இரண்டும் அணைந்தால் கறுப்பு. இரண்டு கோட்டுக்கு 16 சேர்க்கை, அதில் 13தான் தேவை: பத்து இலக்கம், தொடக்கம், முடிவு, இன்னொன்று 10 என்ற மதிப்பு. அந்தப் பத்து எதற்கு என்று கேட்பீர்கள், வருகிறேன்.

சோதனை இலக்கம் போடும் விதம்: பத்து இலக்கங்களை 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாகப் போய் 512 வரை பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்த மீதி. யூனியன் பசிபிக்கின் 123456 என்று வைத்துக்கொள்ளுங்கள், வகை 0. எண் வரிசை 0 802 123456. பெருக்கினால் 0, 16, 0, 16, 16, 64, 192, 512, 1280, 3072. கூட்டு 5168. 11 × 469 = 5159, மீதி 9. கடைசி இரண்டு இலக்கம் மாறி 123465 என்று ஆனால் கூட்டு 4912, மீதி 6. பிடிபட்டுவிடும். 11ஆல் வகுப்பதால் மீதி 10 வரலாம், அதற்குத்தான் அந்தத் தனிக் கட்டம்.

---

யார்டு_மேசை

கணக்கு அருமை. ஆனா 1977ல கைவிட்டுட்டாங்களே. அழுக்குதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க. கிரீஸ், நிலக்கரித் தூசி, டாங்கர் வேகன்ல வழிஞ்ச எண்ணெய், பனி. படிக்கற விகிதம் 80 சதவீதம் பக்கம் நின்னுடுச்சு. 100 வேகன் வண்டில 20 வேகனுக்கு எண் இல்லைனா, ஒருத்தர் நடந்து போய்ப் பார்க்கத்தான் வேணும். 20க்காகப் போறவர் 100ஐயும் பார்த்துட்டு வந்துடுவார். கருவியால மிச்சம் என்ன?

---

சோதனை_இலக்கம்

அழுக்கு உண்மை. ஆனால் அது முழுக் காரணம் இல்லை என்பது என் கருத்து. முன்பட்டியல் ஏற்கெனவே கையில் இருக்கிறது, நீங்களே மேலே சொன்னீர்கள். கருவி 80 எண்ணை வரிசையில் படித்து, சக்கர உணரி வைத்து நடுவில் எத்தனை வேகன் படிக்காமல் போனது என்றும் சொல்கிறது. பட்டியலோடு ஒப்பிட்டால் 37ஆம் வேகனும் 39ஆம் வேகனும் பொருந்தும்போது 38 பட்டியலில் உள்ளதுதான் என்று ஏற்கலாம். பொருந்தாத இடத்தை மட்டும் நடந்து பார்க்கலாம். இதைச் செய்ய யார்டு கணினி உடனுக்குடன் பதில் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பெரும்பாலான ரயில்வேகளில் இருந்தது இரவில் மொத்தமாக ஓடும் கணக்கு.

அடுத்தது, பட்டையை யார் கழுவுவது? கழுவும் செலவு வேகனைப் பராமரிப்பவர் தலையில். படித்துப் பயன் பெறுபவர் கருவி வைத்திருக்கும் வேறொரு ரயில்வே. தன் தண்டவாளத்துக்கு ஆண்டில் சில நாள் மட்டும் வரும் வேகனுக்காக யாரும் துணியும் வாளியும் எடுத்துப் போகவில்லை. கருவி குறைவாக இருந்ததால் கழுவவில்லை, கழுவாததால் கருவி வாங்கவில்லை. சோதனை இலக்கம் தப்பாகப் படித்ததைத்தான் தடுக்கும், படிக்காமல் போனதை நிரப்பாது.

1991ல் ரேடியோ அட்டை தரமாக வந்தபோது இந்தச் சிக்கலே எழவில்லை. மேலே சேறு அப்பியிருந்தாலும் அலை ஊடுருவும். மின்கலம் இல்லை, கருவி அனுப்பும் அலையையே எண்ணோடு சேர்த்துத் திருப்பி அனுப்பும். வேகனுக்கு இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. 1994 முடிவுக்குள் வேலை முடிந்தது. கழுவ வேண்டிய கை தேவைப்படவில்லை என்பதே அது வென்றதற்குக் காரணம்.

---

வேபில்காரர்

கார்ட்ராக் இருந்த அதே காலத்தில் சத்தமில்லாமல் நடந்த இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 1968ல் அம்லர் என்று வேகன்களுக்கான பொதுப் பதிவேட்டை இயந்திரம் படிக்கும் வடிவில் கொண்டுவந்தார்கள். வேகன் எண்ணைக் கொடுத்தால் அதன் உரிமையாளர், வகை, அளவு, கொள்ளளவு வரும். தவறான எண்ணைத் தட்டினால் 'அப்படி ஒரு வேகனே இல்லை' என்றோ, 'இது டாங்கர், நீ நிலக்கரி ஏற்றியதாகச் சொல்கிறாய்' என்றோ இயந்திரம் பதில் சொல்ல முடிந்தது. பொருளுக்கு ஏழு இலக்கக் குறியீடும் வந்தது, அதனால் இந்த ஒப்பீடு சாத்தியமானது. பட்டை தோற்ற இடத்தில் பதிவேடு நிறைய பிழைகளைப் பிடித்தது என்பேன்.

நம் ஊர் வேகனில் இருக்கும் 11 இலக்க எண்ணிலும் கடைசி இலக்கம் சோதனைக்குத்தானே? அதுவும் 11ஆல் வகுப்பதா?

---

சோதனை_இலக்கம்

இல்லை, அங்கே 10தான். இரண்டு இலக்கம் வேகன் வகை, இரண்டு உரிமையாளர் ரயில்வே, இரண்டு தயாரித்த ஆண்டு, நான்கு வரிசை எண், பிறகு சோதனை இலக்கம். இரட்டை இடத்து இலக்கங்களைக் கூட்டி 3ஆல் பெருக்கி, ஒற்றை இடத்து இலக்கங்களைச் சேர்த்து, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறைகிறதோ அதைப் போட வேண்டும்.

31 08 06 1235 என்று ஒரு மாதிரி எண் எடுங்கள். இரட்டை இடங்கள் 1, 8, 6, 2, 5, கூட்டு 22, மூன்றால் பெருக்க 66. ஒற்றை இடங்கள் 3, 0, 0, 1, 3, கூட்டு 7. மொத்தம் 73, சோதனை இலக்கம் 7. வேகனில் 31080612357 என்றிருக்கும். சோதனை இலக்கம் எப்போதும் 0 முதல் 9க்குள் அடங்கும், பத்துக்குத் தனிக் குறி வேண்டாம். பெயிண்ட் அடிக்கும் எண்ணுக்கு அது பெரிய வசதி.

விலை ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்து இலக்கம் இடம் மாறினால், இரண்டுக்கும் வித்தியாசம் 5 ஆக இருக்கும்போது பிடிபடாது. மேலே உள்ள எண்ணில் ஆண்டின் 6ம் வரிசை எண்ணின் முதல் 1ம் மாறி 31 08 01 6235 என்று எழுதினால், இரட்டை இடங்கள் 17, மூன்றால் பெருக்க 51, ஒற்றை இடங்கள் 12, மொத்தம் 63. அதே 7. எண்ணைச் சோதிக்கும் மென்பொருள் எழுதுபவர்கள் இதோடு நிறுத்தாமல் பதிவேட்டிலும் ஒரு முறை தேடிப் பார்க்க வேண்டும். இந்த எண்ணில் ஆண்டு 06லிருந்து 01 ஆகிவிட்டது. அந்த ஆண்டில், அந்த வகையில், 6235 என்று ஒரு வேகன் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டாலே பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.